சுருட்டுக் குடிக்க ஒதுக்கிய இடம்

வாடிப்பட்டி,
வியாழக்கிழமை.

பிரியமுள்ள மருமகன் முத்துக்குமரனுக்கு, மாமா ஜெயபாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் ரத்த அழுத்தம், வலது முழங்கால் ஆகிய மூவரும் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறோம். திருப்பூரில் நீயும் மீனாவும் பிள்ளைகளும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் இந்த முதியோர் இல்லத்தின் மேலாளர் டயானா உனக்குப் போன் செய்து, "உங்க மாமா இங்க ஒரு சாமிய உண்டாக்கி வச்சிட்டாரு சார்" என்று சொன்னதும், அத்தோடு லைன் அறுந்துபோனதும் எனக்குத் தெரியும். அன்று மாலை நீ எனக்கு வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விக்குறி அனுப்பியிருந்தாய். மூன்றுக்கும் சேர்த்து இது பதில். முப்பத்தொரு வருடம் தாலுகா நிருபராக இருந்தவனுக்கு நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள். முடிவில் உன்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்பேன். எனக்காக அல்ல, என் அறையில் இருக்கும் மொக்கையனுக்காக. அது கிடைக்காவிட்டால் அவர் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்பார்.

மொக்கையனை நீ பார்த்திருக்கிறாய். போன முறை உன் காரைச் சுற்றிவந்து நாலு டயரையும் உதைத்துப் பார்த்தவர். எழுமலைக்காரர், எழுபத்தெட்டு வயது, லாரி ஓட்டியவர். ஒரே மகள் அன்னக்கொடி. அவளைக் கட்டிய மருமகன் இவரை இங்கே இறக்கிவிட்டுப் போன நாளிலிருந்து போனை எடுத்ததில்லை. மொக்கையன் ஒரு நாளைக்கு நாலு சுருட்டுக் குடிப்பார். எங்கள் அறையின் மூன்றாவது ஆள் காளை. நுரையீரல் கெட்டுப்போய், தலைமாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்துப் படுத்திருப்பவர். இந்த இரண்டு தகவலையும் அடுத்தடுத்து வைத்தால் செய்தி தானாக வந்துவிடும். வந்தது.

ஆனி மாதம் பதினான்காம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு மொக்கையன் எரிகிற சுருட்டோடு கண்ணயர்ந்துவிட்டார். மெத்தையில் விழுந்த ஓட்டை ஒன்பது அங்குல நீளம், ஏழு அங்குல அகலம். அங்கிருந்து காளையின் சிலிண்டர் நாலடி. புகை வந்ததும் நான் சிலிண்டரின் திருகை மூடிவிட்டுக் காளையைக் கட்டிலோடு வராந்தாவுக்குத் தள்ள, துப்புரவு வேலை பார்க்கும் முனீஸ்வரி கையில் கிடைத்த கஞ்சிப் பாத்திரத்தை மெத்தையில் கவிழ்த்தாள். யாருக்கும் காயமில்லை, கஞ்சி மட்டும் அன்று யாருக்கும் இல்லை. ஏற்கெனவே குளியலறையில் குடித்து ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்தார் மொக்கையன். டயானா முன்பு நர்ஸாக இருந்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். "ஐயா, இது ரெண்டாவது. மூணாவதுன்னா பெட்டியக் கட்டி கேட்டுக்கு வெளிய வச்சிருவேன்" என்றார். "வச்சிட்டு?" என்றார் மொக்கையன். "உங்க மருமகனுக்குப் போன் போடுவேன்." "அப்ப ஒரு கட்டுச் சுருட்டும் சேத்து வச்சுவிடு தாயி. அவன் எடுக்குற வரைக்கும் நான் கேட்டுலதான உக்காந்திருக்கணும்."

அடுத்த வாரம் இல்லத்தின் தீப்பாதுகாப்புச் சான்றைப் புதுப்பிக்கத் தீயணைப்பு நிலைய அலுவலர் வந்தார். நடுவயது மனிதர், மெதுவாகப் பேசினார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். வராந்தா மணியை அடிக்கச் சொல்லிவிட்டு, இருபத்தாறு பேரும் வெளியே வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது நிமிடத்தில் ஐந்து பேர் வந்தோம். அதில் இரண்டு பேர் டம்ளரோடு வந்தார்கள். சான்று இல்லை, ஒரு மாதம் கழித்து மறுபடி வருவேன் என்றார். புகை விஷயத்தைக் கேட்டுவிட்டு டயானாவிடம், "குடிக்காதன்னு சொன்னீகன்னா கட்டிலுக்கு அடியில போய்க் குடிப்பாகம்மா. வெளியில ஒரு இடம் குடுங்க, கண்ணு முன்னாடி குடிக்கட்டும்" என்று, அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தன் கைப்பட எழுதியும் கொடுத்தார். கட்டடத்திலிருந்து முப்பதடி தள்ளி இருக்க வேண்டும், எல்லை தெரியும்படி சிவப்பு வெள்ளை அடிக்க வேண்டும், மணல் வாளி நாலு, எரிவதை இழுத்துப்போட நீளமான இரும்புக் கொக்கி ஒன்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மணி ஒன்று, சுருட்டை அணைக்கத் தீப்பிடிக்காத ஏதாவது ஒன்று. டயானா அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். நான் படிக்கத் தெரிந்தவன், வேலை இல்லாதவன்.

காகிதத்தில் இருந்ததை ஒன்று விடாமல் செய்தேன். பின்பக்கம் வாய்க்காலை ஒட்டிப் புங்கமரத்தடியைத் தேர்ந்தெடுத்தேன், நிழல் இருக்கிறது. பழைய வேலியின் உடைந்த கல்தூணை மூன்றடி வெளியே தெரியும்படி நட்டுவைத்தேன். சுருட்டை அதில் தேய்த்து அணைக்கலாம், முழங்கால் போனவர்கள் பிடித்து எழுந்திருக்கலாம். கொக்கியைப் படுக்கப் போட்டால் தடுக்கிவிடும் என்று கல்லுக்குப் பக்கத்தில் செங்குத்தாகக் குத்திவைத்தேன். மணியை மரக்கிளையில் கட்டினேன். பின்னால் இருக்கிற குட்டைச் சுவருக்குச் சிவப்பு வெள்ளை அடிக்கும் வேலையைக் காவலாளி சுடலையிடம் விட்டேன். ஸ்டோர் ரூமில் சுண்ணாம்பும் காவியும்தான் இருந்ததென்று அதையே எடுத்து, அவனுக்குப் பழக்கமான முறையில் பட்டை பட்டையாக நெட்டுக்குத்தாக அடித்துவிட்டான். படுக்கைவசத்தில் அடி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இந்த விவகாரத்தில் என் தவறு அது ஒன்றுதான். சுருட்டு டயானாவிடம், தீப்பெட்டி சுடலையிடம் என்று ஏற்பாடானது. பற்றவைத்தவர் அணைக்காமல் இடத்தைவிட்டு எழக் கூடாது, அணைத்த துண்டுகளைக் கல்லின் காலடியில் மணலில் போட வேண்டும். இவை விதிகள். ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மொக்கையன் நேரத்துக்கு வந்து, நேரத்துக்குக் குடித்து, அணைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் ஆடி முதல் வெள்ளி. மகள் பிரசவத்துக்காக விடுப்பில் போயிருந்த முனீஸ்வரி அன்றுதான் வேலைக்குத் திரும்பினாள். குப்பை கொட்டப் பின்பக்கம் போனவள் கூடையைக் கீழே வைத்தாள், செருப்பைக் கழற்றினாள். காவிப்பட்டைச் சுவர், நட்ட கல், ஈட்டி மாதிரி ஒரு இரும்பு, மேலே மணி, கீழே சுருட்டுத் துண்டுகள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எப்பண்ணே வந்தாரு?" என்று என்னைக் கேட்டாள். யார் என்றேன். "கருப்பு" என்றாள். இது நான் வைத்தது, சுருட்டுக் குடிக்கிற இடம் என்று காகிதத்தையும் காட்டி விளக்கினேன். அவள் சொன்னாள்: "நீங்க வச்சதா நீங்க நெனைக்கிறீக. வைக்கச் சொன்னது யாரு?" "தீயணைப்பு ஆபீசர்." "அவருக்குச் சொன்னது யாரு?" காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கல்லின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அதற்கு மறுநாள் சந்தனம், குங்குமம், ஒரு அகல்விளக்கு. வாய்க்கால் பாதையில் போகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். புது டிராக்டர் ஒன்று வந்து மணி அடித்துவிட்டுப் போனது. மொக்கையன் விதிப்படி வந்து உட்கார்ந்து விதிப்படி குடித்தார். சாமிக்கு முன்னால் ஒரு பெரியவர் சுருட்டும் கையுமாக அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்களோ அதை நினைத்தார்கள். ஒரு அம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்து, "எம்மகனுக்கு வேல அமையுமா சாமி?" என்றாள். மொக்கையன் புகையை விட்டு, "லைசென்ஸ் வச்சிருக்கானா?" என்றார். இல்லை என்றாள். "மொதல்ல அத எடுக்கச் சொல்லு." அந்தப் பையன் ஒரு வாரத்தில் எல்.எல்.ஆர். போட்டுவிட்டானாம். அடுத்த வெள்ளி நாற்பது பேர் வந்தார்கள்.

கல்லை எடுத்துவிடலாமே என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். டயானா, "சர்ச்சுக்குப் போற நான் கைய வச்சா அதுக்கு ஊருல வேற பேரு வச்சிருவாக, நீங்க எடுங்க சார்" என்றார். நான் சுடலையிடம் சொன்னேன். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு சார்" என்று அவன் கடப்பாரையை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டான். நானே எடுத்திருக்கலாம். முழங்கால் வலி இருந்தது. அத்தோடு, இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக மொக்கையன் தினமும் காலையில் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்திருந்தார். இதற்கிடையே வெயில் படுகிறதென்று யாரோ புண்ணியவான் தென்னங்கீற்றில் ஒரு பந்தலும் போட்டுவிட்டார். ஆக, சுருட்டுக் குடிப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தில் காய்ந்த கீற்று, எண்ணெய், சூடம், ஆடிக்காற்று எல்லாம் சேர்ந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அலுவலர் மறுபடி வந்தார். எல்லைக்கோட்டில் நின்று பார்த்தார், பூட்ஸைக் கழற்றினார், பிறகு காகிதத்தை எடுத்துச் சரிபார்க்க ஆரம்பித்தார். மணி இருக்கிறது, கொக்கி இருக்கிறது, மணல் இருக்கிறது, சிவப்பு வெள்ளை இருக்கிறது. "நான் சொன்னது அம்புட்டும் இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார். அப்போதுதான் யாரோ காட்டிய சூடம் காற்றில் எழும்பிக் கீற்றைப் பிடித்தது. மொக்கையன் கையில் அன்றைய இரண்டாவது சுருட்டு பாதி எரிந்துகொண்டிருந்தது. அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய் மணியை அடித்தார். தீப்பிடித்தால் மணி அடிக்க வேண்டும் என்பது அந்தக் காகிதத்தில் இருப்பதுதான்.

மணி சத்தம் கேட்டு இல்லத்தில் இருந்த அத்தனை பேரும் பூஜை என்று வெளியே வந்தார்கள். கைத்தடியில் வந்தார்கள், வாக்கரில் வந்தார்கள், நாலு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காத ஒருவர் குளித்துவிட்டு வந்தமாதிரி திருநீறு பூசி வந்தார். எரிகிற பந்தலுக்கு முன்னால் கைகூப்பி நின்றார்கள். காளையைச் சக்கர நாற்காலியில் வைத்து, மடியில் சிலிண்டரோடு, முன்வரிசைக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். "யோவ், சிலிண்டர அங்கிட்டுக் கொண்டுபோங்கய்யா" என்று அலுவலர் வெறுங்காலோடு ஓடிக் கொக்கியைப் பிடுங்கிப் பந்தலை இழுத்துத் தள்ள, சுடலை நாலு வாளி மணலையும் கொட்டினான். ஆறு நிமிடத்தில் அணைந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கல். அலுவலர் மூச்சு வாங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து, மணி அடித்ததிலிருந்து இருபத்தாறு பேரும் வெளியே சேர மூன்று நிமிடம் ஐம்பது விநாடி என்று எழுதிக்கொண்டார். "இருபத்தாறு பேரும் வந்தது சரி. தீயப் பாத்து வந்ததுதான் தப்பு" என்றார். பந்தல், விளக்கு, சூடம் எதுவும் இனி கூடாது, மணியை முன்வாசலுக்கு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு சான்று கொடுத்தார். போகும்போது பூட்ஸைப் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காதபோது ஒருமுறை கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். நான் பார்த்தேன்.

சிக்கல் இனிமேல்தான். டயானா விதிப் புத்தகத்தை எடுத்தார். பற்றவைத்த சுருட்டை அணைக்காமல் மொக்கையன் இடத்தைவிட்டு எழுந்தார், ஆகவே இது மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும் என்றார். மணி அடிக்கத்தானே எழுந்தார் என்றேன். "அணைச்சிட்டு அடிச்சிருக்கலாம் சார். மூணு செகண்ட்" என்றார். விதியை எழுதியவனே நான்தான், வாதாட முடியவில்லை. மொக்கையன் அறைக்கு வந்து, கட்டிலுக்கடியில் இருந்து தகரப் பெட்டியை இழுத்து வேட்டிகளை மடிக்க ஆரம்பித்தார். "ஏன் இம்புட்டு அவசரம்? ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கே" என்றேன். "லோடு ஏத்துனா லேட் பண்ணக் கூடாது மாப்ள" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மறுபடி டயானாவிடம் போனேன். வெளியாள் ஒருவர் இவர் நடத்தைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வாய்ப்புத் தரலாம் என்றார். எழுமலைக்குப் பதினோரு தடவை போன் செய்தோம். எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த வெளியாள் நீ ஒருவன்தான். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் கையெழுத்து, ஒரு போட்டோ, ஆதார் நகல் வைத்துக் கூரியரில் அனுப்பு. மொக்கையன் நல்ல மனிதர். விழித்திருக்கும்போது அவரால் யாருக்கும் ஆபத்தில்லை.

மீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் அம்மாவை, என் தங்கையை, சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
மாமா ஜெயபாண்டி.

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கச் சுடலையிடம் கொடுத்த இந்தக் கவரை அவன் இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். இன்று சனிக்கிழமை. எழுமலையிலிருந்து மொக்கையனின் மருமகன் வந்தார், அன்னக்கொடியும் வந்தாள். போனுக்காக அல்ல, வாடிப்பட்டிப் பக்கம் சுருட்டுக் கையோடு குறி சொல்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டு விஷயமாகக் குறி கேட்க வந்தார்கள். வந்து பார்த்தால் மாமனார். மருமகன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "வீட்டுக்கு வாங்க மாமா, நம்ம ஊருலயே உக்காந்து சொல்லுங்க" என்றார். "சுருட்டு?" என்றார் மொக்கையன். "எங்கிட்டு வேணாலும் குடிங்க மாமா." பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்ததால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். வீடு கூரைவீடா என்று கேட்டேன், பின்கட்டு மட்டும் கூரை என்றார்கள். மணல் வாளி இரண்டு வைக்கும்படி எழுதிக் கொடுத்தேன். அன்னக்கொடி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆகவே மேலே கேட்ட கையெழுத்து மொக்கையனுக்கு வேண்டாம். ஆனால் படிவத்தைக் கிழித்துவிடாதே. மாலையில் வந்த ஜனங்கள், பெரியவர் இல்லையா, அப்படியானால் சாமிக்குச் சுருட்டை நீங்களே பற்றவைத்துக் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். ஆயுளில் முதல் தடவையாக ஒன்றைப் பற்றவைத்தேன். இருமல் வந்தது, தண்ணீர் குடிக்க எழுந்தேன். அணைக்காமல் எழுந்ததை டயானா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். புதிய ஆளுக்கு எடுத்த எடுப்பிலேயே பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும் என்கிறார். படிவத்தில் மொக்கையன் என்று இருக்கும் இடத்தை அடித்துவிட்டு, என் பெயரை எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இல்லாவிட்டாலும் புதன்கிழமைக்குள் அனுப்பு.