திமில் இல்லாத காளை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு காளை மாட்டைப் பேனர்ல ஏத்தணும்.

ஃப்ளெக்ஸ் பேனர் புதுசா வந்திருந்த சமயம். சிம்மக்கல்ல ஒரு பேனர் கடையில நான் டிசைனர். மூணு மாசக் கோர்ஸ் முடிச்ச டிசைனர்!

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து செல்லையா அண்ணே மாட்டு போட்டோவோட வந்தாரு. மறுநாள் ஜல்லிக்கட்டு.

"தம்பி, பின்னாடி இருக்குற சொவரு வேணாம். மாடு மட்டும் நிக்கணும். பின்னால சூரியன் உதிக்கணும்."

"அஞ்சு நிமிசம்ணே! டீ குடிச்சிட்டு வாங்க."

இந்த வாய் இருக்கே!

கம்ப்யூட்டர்ல மேஜிக் வாண்டுன்னு ஒண்ணு உண்டு. சொவத்துல ஒரு கிளிக். அந்தக் கலர்ல இருக்குறதை எல்லாம் அதுவே பிடிச்சுக்கிரும். டெலீட் அமுக்கினேன், சொவரு காலி. சூரியனை வச்சு பிரிண்டும் போட்டாச்சு.

அண்ணே வந்து பேனரை விரிச்சாரு.

"தம்பி, திமிலு எங்க?"

அப்பத்தான் பாத்தேன். வெள்ளை மாடு. வெள்ளைச் சொவரு. ரெண்டும் சேந்தே போயிருக்கு! திமில் இருந்த எடத்துல சூரியன் ஜம்முனு உதிக்குது.

"ஏம்ப்பா, திமிலு இல்லாட்டி மாடுபிடிக்கிறவன் எதைப் பிடிப்பான்?"

"இந்தா, வச்சிர்றேன்ணே!"

முன்னாடி யாருக்கோ பேனர் போட்ட வெள்ளை மாட்டு போட்டோ ஒண்ணு சிஸ்டத்துல கெடந்துச்சு. அதோட திமிலை வெட்டி இதுல ஒட்டினேன். கச்சிதமா உக்காந்துச்சு.

அண்ணே ஸ்கிரீனை உத்துப் பாத்தாரு. மூஞ்சி செவந்துருச்சு.

"இது எங்க மச்சான் மாட்டுத் திமிலுல்ல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அந்தாளோட பேசி மூணு வருசமாச்சு. அவரு வீட்டுத் திமிலைத் தூக்கி என் மாட்டு மேல வைக்கிறியா? ஊருக்குள்ள தலை காட்ட முடியுமாப்பா?"

வேற வழியில்ல. போட்டோவைப் பெருசாக்கி, மவுஸால புள்ளி புள்ளியா மாட்டைச் சுத்தி வெட்ட ஆரம்பிச்சேன். அண்ணே பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டாரு.

"இன்னும் மேல போ... அங்குன ஒரு வளைவு வரும்... ஏய், பாத்து, பாத்து! அதுக்கு வலிக்கப் போகுது!"

சோறு திங்கக்கூட விடல. நாலு மணிக்குத் திமிலு முடிஞ்சுச்சு. அஞ்சு மணிக்கு முழு மாடும் வெட்டி முடிச்சு, படத்தைச் சின்னதாக்கிக் காட்டினேன்.

அண்ணே கண்ணு கலங்கிருச்சு. என் தோள்ல தட்டினாரு.

"அச்சு அசல் எங்க மாடு தம்பி. திமிலு தத்ரூபமா வந்துருக்கு."

அப்பாடான்னு பிரிண்ட் அமுக்கக் கையைக் கொண்டு போனேன்.

"ஆமா... வாலு எங்க?"