ஸுஹைரின் பதினாறு வீதம்

"பதினாறு" என்று சொல்லி முடித்த பிறகுதான் ஸுஹைருக்குத் தன் வாய் திறந்திருப்பதே தெரிந்தது.

யாரும் அவரைக் கழுத்தில் பிடித்துக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமனார் ஸைனுலாப்தீன் வீட்டில் நெய்ச்சோறு. ஒரு பக்கம் ஸுஹைர், எதிரே சீனக்குடா மீன் கம்பனியில் வேலை செய்யும் சகலன் நஸ்ரி. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு மாப்பிள்ளைகள் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தால் இறைச்சித் துண்டைக்கூட எண்ணிப் பார்ப்பார்கள். இவர்கள் ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் சேமலாப நிதியை, அந்த ஈபிஎப்பை, எண்ணினார்கள்.

"எங்கட கம்பனியில இப்ப பதினைஞ்சு வீதம் போடுறாங்க நானா" என்று அண்ணன் முறை வைத்து நஸ்ரிதான் தொடங்கினான். "நம்மட சம்பளத்தில எட்டு வெட்டினா, முதலாளி தன்ட கையால பதினைஞ்சு. உங்கட எவ்வளவு?"

சட்டப்படி முதலாளி போடவேண்டியது நூற்றுக்குப் பன்னிரண்டு. ஸுஹைரின் ஐஸ் கம்பனி முதலாளி கலீலுர் றஹ்மான் ஹாஜியார் அந்தப் பன்னிரண்டைப் போடும்போதே பல்லுப் பிடுங்கக் கொடுப்பவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். ஆனாலும் பரிமாறிக்கொண்டு நின்ற மனைவி ரிஸ்லா அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பன்னிரண்டு என்று சொல்ல ஸுஹைருக்கு மனம் வரவில்லை. பதினைந்து என்றால் சமன். சமனாக இருந்து என்ன பிரயோசனம்?

"எங்கட பதினாறு."

நஸ்ரியின் கையிலிருந்த கோழிக்கால் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. ஸுஹைருக்கு அந்தக் கணம் மிகவும் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் முச்சக்கர வண்டிக்குள் ரிஸ்லா கேட்டாள்.

"பதினாறு எண்டு எனக்குச் சொல்லவே இல்லையே?"

"போன மாசம்தான் கூட்டினவங்க. ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுவம் எண்டு வெச்சிருந்தனான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் ரிஸ்லா. அன்றிரவே கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உப்புவெளியில் அவளுக்குச் சீதனமாக வந்த வளவு சும்மா கிடக்கிறது. ஸுஹைருக்கு இப்போது நாற்பத்தேழு. ஐம்பத்தைந்தில் சேமலாப நிதியை எடுத்து, அந்த வளவில் வெளிநாட்டுக்காரர் தங்க இரண்டு அறை கட்டி, இரண்டு பேரும் நிம்மதியாக இருந்து சாப்பிடவேண்டும் என்பது அவளுடைய பல வருடக் கனவு.

"பதினாறு எண்டா மூண்டு அறை கட்டலாம்" என்றாள். மூன்றாவது அறைக்குக் கடல் பக்கம் ஜன்னலும் வைத்துக் கொப்பியில் படம் கீறினாள்.

அந்த ஜன்னலைப் பார்த்ததும் ஸுஹைருக்கு நெஞ்சு கனத்தது. ரிஸ்லா வாழ்க்கையில் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டவள் அல்ல. முதல்முறையாக ஒரு ஜன்னல் கேட்கிறாள், அதுவும் இல்லாத காசில். நிதியத்தின் கணக்குத் தாள் அடுத்த மாதம் தபாலில் வரும். பிறகு ஜன்னலும் இல்லை, மானமும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் சம்பளக் கிளார்க் சிந்துஜனின் மேசைக்குப் போனார்.

"தம்பி, என்ட சம்பளத்தில எட்டுக்குப் பதிலா பன்னிரண்டு வெட்டேலுமா?"

சிந்துஜன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "ஏலும் அண்ணை. விருப்பமெண்டா கூடப் போடலாம். ஆனா இந்தக் கம்பனியில ஒருத்தரும் இதுவரைக்கும் விரும்பினதில்லை."

"நான் விரும்புறன். எனக்கு மொத்தம் இருபத்துநாலு வந்தாச் சரி."

கணக்கு நேராக வந்தது. தன் எட்டும் கம்பனியின் பதினாறும் இருபத்துநாலு. தன் பன்னிரண்டும் கம்பனியின் பன்னிரண்டும் அதே இருபத்துநாலு. ஸுஹைர் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு களஞ்சிய அறைக்குத் திரும்பினார். அங்கே இருபத்திரண்டு வருடமாக அவர்தான் ஸ்டோர் கீப்பர்.

மூளை மறந்த விஷயம் ஒன்று இருபத்தைந்தாம் திகதி தெரிந்தது. ரிஸ்லா சம்பளத்தை இரண்டு தரம் எண்ணினாள்.

"குறையுதே?"

"அது... நாங்களும் கூடப் போட்டாத்தான் அவங்களும் கூடப் போடுவாங்களாம். நான் பன்னிரண்டு, கம்பனி பதினாறு."

"அப்ப எல்லாமா இருபத்தெட்டா!" ரிஸ்லாவின் முகம் பூரித்தது. கொப்பியை எடுத்து மூன்றாவது அறைக்கு ஒரு குளியலறையும் சேர்த்தாள்.

ஸுஹைர் தலையில் கை வைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்தார்.

நல்ல செய்தியை வயிற்றுக்குள் வைத்திருக்க ரிஸ்லாவால் ஏலாது. நஸ்ரியின் மனைவியான தங்கை ரிப்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அடுத்த வீட்டு நிப்லாவுக்கு மதிலுக்கு மேலால் சொன்னாள். நிப்லாவின் புருஷன் றிகாஸ் அதே ஐஸ் கம்பனியில்தான் ஐஸ் கட்டி ஏற்றுகிறவன்.

மறுநாள் காலை களஞ்சிய அறைக் கதவைத் திறக்க முன்னமே பதினான்கு பேர் வாசலில் நின்றார்கள். முன்னால் றிகாஸ், கையில் ஐஸ் கொக்கி.

"உங்களுக்கு மட்டும் பதினாறாமே நானா? நாங்க என்ன, மனுசர் இல்லையா?"

"ஆர் சொன்னது?"

"உங்கட வீட்டில சொன்னது."

வீட்டில் சொன்னது பொய் என்று சொன்னால் ரிஸ்லா பொய்க்காரியாவாள். உண்மை என்று சொன்னால் கொக்கி அருகில் வரும். ஸுஹைரின் வாய் மறுபடியும் முந்திக்கொண்டது.

"எனக்கும் பன்னிரண்டுதான் றிகாஸ். பெண்டுகள் பிழையா விளங்கிட்டாங்க. சீனக்குடாவில அருளம்பலம் முதலாளியின்ட மீன் கம்பனியில பதினைஞ்சு போடுறாங்க. நாங்க பதினாறு கேக்கவேணும் எண்டு வீட்டில கதைச்சுக்கொண்டிருந்தனான்."

"கேக்கவேணுமா? சரி, வாங்க கேப்பம்!"

அடுத்த ஐந்து நிமிடத்தில் ஸுஹைர் ஒரு தொழிலாளர் தலைவர். பதினான்கு பேரும் அவரை முன்னால் தள்ளிக்கொண்டு ஹாஜியாரின் அறைக்குள் நுழைந்தார்கள். உள்ளே போனதும் பதினான்கு பேரும் பின்னுக்குப் போய்விட, ஸுஹைர் மட்டும் மேசைக்கு நேரே நின்றார்.

கலீலுர் றஹ்மான் ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் அருளம்பலமும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். அன்று கணக்குப் பாடத்தில் தொடங்கிய போட்டி லொறி, பெயர்ப்பலகை, மகளின் கலியாணச் சாப்பாடு வரைக்கும் நீண்டு வந்திருக்கிறது.

"அருளம்பலம் பதினைஞ்சு போடுறானா? அவன் பள்ளிக்கூடத்தில அழிறப்பர்கூடத் தராதவன்."

"அப்பிடித்தான் கேள்வி, ஹாஜியார்."

"கேள்விப்பட்டதுக்குக் காசு போடேலாது. வியாழக்கிழமைக்கிடையில அத்தாட்சி கொண்டு வாரும். அவன் போடுறது உண்மையெண்டா நான் ஒண்டு கூடப் போடுவன். பொய்யெண்டா, என்ட ஆக்களைக் கிளப்பிவிட்டதுக்கு நீர் வேற கம்பனி பாரும்."

மூன்றாவது அறை போகட்டும், இப்போது முதல் இரண்டு அறைகளும் ஆட்டம் கண்டுவிட்டன.

வியாழன் காலை அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சீனக்குடாவுக்கு பஸ் ஏறினார். நஸ்ரியிடம் கேட்கலாம்தான். சகலனிடம் போய், "உன்ட பதினைஞ்சுக்கு ஒரு கடிதம் தா" என்று நிற்பதைவிடக் கடலில் குதிப்பது மேல் என்று அவருக்குப் பட்டது. நேரே அலுவலக ஜன்னலுக்குப் போனார். உள்ளே லோஜினி என்ற கணக்குப் பிள்ளை இருந்தாள்.

"பிள்ளை, இங்க ஈபிஎப்புக்கு முதலாளி எத்தனை வீதம் போடுறவர்?"

"நீங்கள் எங்கயிருந்து வாறீங்கள்?"

"ஹாஜியாரின்ட ஐஸ் கம்பனியில இருந்து. சும்மா, ஒப்பிட்டுப் பார்க்கத்தான். பதினைஞ்சு எண்டு கேள்வி."

லோஜினி சிரித்தாள். "பதினைஞ்சோ? ஆர் சொன்னது? சட்டப்படி பன்னிரண்டுதான்."

ஸுஹைர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நஸ்ரி! அந்தக் கோழிக்காலை அவன் தொண்டைக்குள்ளேயே அடைத்திருக்கவேண்டும்.

"நஸ்ரியை ஒருக்காக் கூப்பிடேலுமா?"

"அவர் இண்டைக்கு லீவு. பல்லுக் கொதியாம்."

திரும்பும் பஸ்ஸில் ஸுஹைர் மனதுக்குள் இராஜினாமாக் கடிதம் எழுதினார். ஐஸ் கம்பனி வாசலில் இறங்கி உள்ளே பார்த்தபோது, விருந்தினர் வாங்கில், சிந்துஜனின் மேசைக்கு முன்னால், பல்லில் ஒரு குறையும் இல்லாமல் நஸ்ரி உட்கார்ந்திருந்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் கண்ணைத் தாழ்த்தியது நஸ்ரி.

"நானா, உங்கட பதினாறுக்கு ஒரு துண்டுக் கடிதம் எடுக்கலாம் எண்டு வந்தனான்" என்றான் மெல்லிய குரலில். "எங்கட ஆக்கள் பதினாறு கேட்டு என்னை முதலாளியிட்டக் கொண்டுபோய் விட்டுட்டாங்க. ரிப்கா ஊரெல்லாம் சொல்லிப்போட்டாள். அத்தாட்சி இல்லாட்டி வேலை போயிடும். சிந்துஜன் பன்னிரண்டு எண்டுறார்..."

"உன்ட பதினைஞ்சும் பன்னிரண்டாமே?"

"ஓம்" என்றான் நஸ்ரி. அவன் கண் கலங்கியிருந்தது. "அண்டைக்கு மாமாவுக்கு முன்னால ஒரு சொல்லுப் பெரிசாச் சொல்லவேணும் போல இருந்திச்சு. எப்பவும் உங்களைத்தானே மூத்த மருமகன், மூத்த மருமகன் எண்டுறாங்க."

ஸுஹைருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. பத்து வருடச் சகலனை அன்றுதான் முதல்முறையாக அவருக்குப் பிடித்தது. அவன் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்துகொண்டார். வேலை போகப்போகிற இரண்டு பேர் உட்கார்ந்திருக்க அந்த வாங்கு அளவாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் அறையைவிட்டு வெளியே வந்தார்.

"ஸுஹைர், இது ஆர்?"

இந்த முறை ஸுஹைர் பொய் சொல்லவில்லை. "அருளம்பலம் முதலாளியின்ட கம்பனியில வேலை செய்யிறவர், ஹாஜியார்."

"இங்க என்ன வேலை?"

நஸ்ரியும் பொய் சொல்லவில்லை. "இங்க எத்தனை வீதம் போடுறீங்க எண்டு கேக்க வந்தனான், ஹாஜியார்."

ஹாஜியாரின் முகம் சிவந்தது. "ஓஹோ! பதினைஞ்சைக் காட்டி என்ட ஆக்களை இழுக்க என்ட வாங்கிலயே ஆள் கொண்டுவந்து இருத்துறானா? இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? சிந்துஜன்! அடுத்த மாசத்திலயிருந்து எல்லாருக்கும் பதினாறு. அவன்ட காதில விழுற மாதிரி எழுதி வாசல்ல ஒட்டும்!"

சகலர் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுடைய வாழ்க்கையிலேயே வாயை மூடியிருந்து நன்மை கண்டது அதுதான் முதல் தடவை.

மாலையில் நஸ்ரி தொலைபேசி எடுத்தான். குரல் துள்ளியது.

"நானா! லோஜினி போய், ஐஸ் கம்பனி ஆளொருத்தர் பதினைஞ்சு பதினைஞ்சு எண்டு கேட்டுட்டுப் போறார் எண்டு முதலாளியிட்டச் சொல்லியிருக்கிறாள். பதினாறு புழுகு, கலீல் பதினைஞ்சு போட்டுத்தான் ஆள் பிடிக்கிறான் எண்டு குதிச்சுப்போட்டு, எங்களுக்கும் பதினைஞ்சு போட்டுட்டார்!"

"அப்ப நீ அண்டைக்குச் சொன்னதும் சரி."

"நீங்க சொன்னதும் சரி. வீட்டில மூச்சு விடப்படாது, என்ன?"

"விடுவனா?"

அடுத்த வெள்ளிக்கிழமை மாமனார் வீட்டில் மறுபடியும் நெய்ச்சோறு. கிண்ணியாவிலிருந்து ஸுஹைர் ஒரு சட்டி தயிர் வாங்கி வந்திருந்தார், நஸ்ரி அதன்மேல் ஊற்ற இனிப்புப் பாணி வாங்கி வந்திருந்தான். வழமையில்லாத ஒற்றுமையாக ஒருவருக்கொருவர் இறைச்சி எடுத்து வைத்தார்கள். அடுத்த அறையில் அக்காவும் தங்கையும் கொப்பியை விரித்து வைத்துக் குளியலறை எந்தப் பக்கம் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ரிஸ்லாவின் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க ஸுஹைருக்குத் தேகம் லேசானது. கடல் பக்க ஜன்னல் இனி மெய்யான ஜன்னல்.

"பெண்டுகள் பாவம் நானா" என்றான் நஸ்ரி, குரலைத் தாழ்த்தி. "என்ன சொன்னாலும் நம்பிடுவாங்க."

"ஓம், வெள்ளை மனசு" என்றார் ஸுஹைர், பெருந்தன்மையோடு.

ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் ஸைனுலாப்தீன். சாப்பிடும்போது பேசுவதில்லை. அன்று தயிர்க் கோப்பையை வழித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மருமக்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"உங்கட ரெண்டு பேரின்டயும் தோய்க்கப் போட்ட சட்டைப் பையில கண்ட சம்பளத் துண்டை வெச்சு, என்ட பிள்ளையள் ரெண்டும், 'பன்னிரண்டுதான் எண்டு காட்டிக்கொடுத்திடாத, ஊரெல்லாம் சொல்லிவிடு, வெக்கத்திலயே முதலாளியிட்டப் போய் வீதத்தைக் கூட்டுவிச்சுக்கொண்டு வருவாங்க' எண்டு, நீங்க பதினைஞ்சு, பதினாறு சொன்ன அண்டைக்கே குசினிக்குள்ள கதைச்சது, நான் தேத்தண்ணி கேட்டுப் போகக்குள்ள என்ட காதில விழுந்திச்சு மகன்."