பதினொரு நிபந்தனைகளும் ஒரு டோமினோ மேசையும்

இணையத்தில் உலவும் எத்தர்கள் எவரிடமும் ஏமாறுவதில்லை என்று சென்ற பிப்ரவரி மாதம் நான் ஒரு சபதம் செய்தேன். அதை இம்மியளவும் மீறவில்லை. எந்த எத்தனாலும் என்னிடமிருந்து ஒரு பெசோவைக்கூடப் பிடுங்க முடியவில்லை. ஆயினும் என் மேசை போய்விட்டது. எங்கே போயிற்று என்பதைச் சொல்ல நா கூசுகிறது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் தீவின் மோக்கா நகரில் முப்பத்தொரு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று மின்மானி பார்த்துக் குறித்தவன் நான். மனிதகுலத்தின் தரம் எனக்கு நன்கு தெரியும். தெருக் கம்பியில் கொக்கி மாட்டி மின்சாரம் திருடிவிட்டு, "நாங்க லைட்டே போடறதில்ல, தோன் தித்தோ" என்று, என் பெயருக்கு முன் ஐயா என்பதுபோல் ஒரு 'தோன்' போட்டு, சத்தியம் செய்வார்கள். உள்ளே மூன்று மின்விசிறிகள் சுழலும் இரைச்சலில் அந்தச் சத்தியம் எனக்குச் சரியாகக் கேட்காது. இத்தகையோரிடையே புடம்போடப்பட்ட என்னை எவன் ஏமாற்ற முடியும்?

மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகோகனி மரம். நான்கு பக்கமும் காய்களை நிறுத்திவைக்கச் சட்டம். நான்கு மூலையிலும் கோப்பை வைக்கக் குழி. பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் செய்வித்தது. நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு என் வராந்தாவில் நால்வர் அதைச் சுற்றி அமர்வோம். எதிரெதிரே இருப்பவர்கள் ஓரணி. டோமினோக் காயை மேசைமீது நான் அறைகிற அறையில் முனைக் கடையின் ரம் புட்டிகள் அதிரும்.

என் மனைவி நெரெய்தா காப்பி கொண்டுவருவாள். ஆள் குறைந்த ஒரு நாளில், "நான் வேணா நாலாவது ஆளா ஒக்காரட்டுமா?" என்று கேட்டாள். இருபத்தெட்டுக் காய்களை நினைவில் நிறுத்துவது சமையலறையில் தட்டு எண்ணுவது போன்றதன்று என்பதை அவளுக்கு எடுத்துரைத்தேன். அன்று காப்பியில் மட்டும் சர்க்கரை இல்லை.

பிப்ரவரியின் முதல் ஞாயிறு. வாழைக்காய் மசியலில் வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டே அவள் தொடங்கினாள்.

"கிழவா, அத வித்துடு."

"எத?"

"ஒன் ரெண்டாவது பொண்டாட்டிய. நாலு காலு, மகோகனி ஒடம்பு."

"மேசையவா? ஏன்?"

"எனக்கு வராந்தா வேணும். ரெண்டு ஆடுநாற்காலி போடணும். சாயங்காலம் காத்து வாங்கணும். நாப்பது வருசமா அடுப்புப் புகைய மட்டுந்தான் வாங்கியிருக்கேன்."

"அது மகோகனிடி!"

"அப்ப நல்ல வெலைக்குப் போகும்."

அவளோடு வாதிட்டு வென்றவர் இத்தீவில் இல்லை. எனவே நான் வாதிடவில்லை. சிந்தித்தேன். விற்க மறுத்தால் நான் பிடிவாதக்காரன். விற்க முன்வந்து, வாங்க வருபவன் ஒவ்வொருவனையும் மோசடிக்காரன் என்று விரட்டிவிட்டால் நான் குடும்பத்தைக் காத்தவன். மேசையும் இருக்கும், மானமும் இருக்கும். என்ன ஒரு திட்டம்!

"சரி, விக்கலாம். ஆனா வாங்க வரவன நாந்தான் சோதிப்பேன். ஒலகம் பூரா திருட்டுப்பய."

"சோதி, சோதி" என்றாள். அன்றே தன் கைப்பேசியில் படமெடுத்து, இருபத்திரண்டாயிரம் பெசோ என்று, என் எண்ணைக் கொடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டாள்.

தொடக்கத்தில் எத்தர்களே எனக்குக் கைகொடுத்தார்கள். நியூயார்க்கில் இருப்பதாக ஒருவன் எழுதினான். மேசையின் நீளம் கேட்கவில்லை, அகலம் கேட்கவில்லை. நாற்பதாயிரத்துக்குக் காசோலை அனுப்புகிறானாம். மிச்சத்தை அவனுடைய லாரிக்காரனிடம் நான் ரொக்கமாகத் தர வேண்டுமாம். காசோலை திரும்பி வரும். லாரிக்காரன் திரும்பி வரமாட்டான். இன்னொருவன், நான் உண்மையான மனிதன்தானா என்றறிய என் கைப்பேசிக்கு ஆறிலக்க எண் ஒன்றை அனுப்பியிருப்பதாகவும், அதைச் சொல்ல வேண்டுமென்றும் கேட்டான். என் கணக்குக்கே அது சாவி என்பது எனக்குத் தெரியாதா? மனப்பாடமாயிருந்த ஒரு பழைய மின்மானி எண்ணைக் கொடுத்தேன். அரைமணி நேரம் அதை வைத்துக்கொண்டு மாரடித்திருக்கிறான், மடையன். மூன்றாமவன் பணம் அனுப்பிவிட்டதாக ரசீதுப் படம் ஒன்றை அனுப்பினான். முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது. தேதி மட்டும் பிப்ரவரி முப்பது. திருடுவதற்குக்கூட நாட்காட்டி பார்க்கச் சோம்பல்படும் தலைமுறை!

"பரவால்லியே கிழவா, மூளை இருக்கே" என்று நெரெய்தாவே வியந்தாள்.

பிறகுதான் சிக்கல். நல்லவர்கள் வரத் தொடங்கினார்கள். சல்செதோ ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மரியாதையாக எழுதினார். மரியாதை மிகையாக இருந்ததால் நிராகரித்தேன். தேவாலயத்துக்காகக் கேட்ட ஒருவர், விலை கேட்பதற்கு முன்பே இருமுறை கடவுளை அழைத்தார். விலை சொன்னபின் அழைப்பதே இயல்பு என்று அவரையும் தள்ளினேன். ஒரு விதவை அம்மையார் பணத்தோடு நேரிலேயே வந்து நின்றார். அவரையும் அனுப்பிவிட்டேன்.

"அந்தம்மா கையில பணத்தோட வாசல்ல நின்னுச்சு!" என்று நெரெய்தா கரண்டியோடு வந்தாள்.

"நோட்டெல்லாம் புதுசா இருந்துச்சு. அதான் சந்தேகம்."

"பழசா இருந்திருந்தா?"

"எத்தன கை மாறி வந்துச்சோன்னு சந்தேகம்."

"அப்ப நோட்டுக்கு என்ன வயசுதான்யா இருக்கணும்?"

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். மின்மானியை நான் பார்ப்பேனே, அப்படி. பிறகு ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள்.

"எழுது. எப்படிப்பட்டவனுக்குத்தான் விப்ப? ஒண்ணு விடாம எழுதிக் கையெழுத்துப் போடு. இதுல தேறுறவனுக்குக் குடுக்கணும். ஆம்பள வார்த்த."

"ஆம்பள வார்த்த!" என்றேன்.

பதினொரு நிபந்தனைகள். மனிதனாகப் பிறந்த எவனும் தாண்ட முடியாத வேலி. வாங்குபவன் பேரம் பேசக்கூடாது. கேட்ட விலைக்கு மேலும் தரக்கூடாது. தொலைபேசியில் பேசக்கூடாது, குரலை நம்ப முடியாது; எல்லாம் எழுத்தில். முன்கூட்டியே வீட்டுக்கு வந்து வேவு பார்க்கக்கூடாது. பணத்தை என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். வங்கி ஊழியரின் வாயால் அதை என் காதாரக் கேட்டபின்பே மேசை நகரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரையும் எண்ணையும் தர வேண்டும். செல்லப்பெயர் செல்லாது.

அந்தக் கடைசி நிபந்தனையை எண்ணி நான் பூரித்தேன். எங்கள் ஊரில் முழுப்பெயர் எவருக்கு நினைவிருக்கிறது? தொட்டிலிலேயே ஒரு செல்லப்பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது, கல்லறைவரை அதுதான். மரண அறிவிப்பு வண்டி ஒலிபெருக்கியில் முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டு போனால் தெருவில் ஒருவரும் நிமிர மாட்டார்கள். "அதாவது, நம்ம சிச்சி" என்ற பிறகே அழுகை தொடங்கும்.

தாளை நெரெய்தா படமெடுத்து விளம்பரத்தில் சேர்த்துவிட்டு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். பின்பு தலைமுடியைச் சுருட்டிக்கொள்ள எதிர்வீட்டு துல்செயிடம் போனாள். கிறிஸ்துமஸ் முதலே தினமும் போய்வருகிறாள்.

எதிர்வீடு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துல்செயின் கணவன் பிருலோ. மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்பவன். மூளை இருக்க வேண்டிய இடத்திலும் உதிரிபாகமே வைத்திருப்பவன். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மேசையில் ஆடுகையில், காதைச் சொறிந்து தன் கூட்டாளிக்குச் சாடை காட்டினான். கையும் களவுமாகப் பிடித்தேன். "இந்த மேசைய நீ இனிமே தொடணும்னா நான் செத்திருக்கணும்!" என்று தெருவே கேட்க முழங்கினேன். "அவனுக்குக் கொசு கடிச்சுது. நீதான் அஞ்சு புள்ளிக் காய் எத்தன எறங்குச்சுன்னு மறந்துட்ட" என்றாள் நெரெய்தா. ஆட்டம் தெரியாதவள், மன்னித்தேன். பிருலோவை மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை என் கைப்பேசிக்கு அந்தக் கடிதம் வந்தது.

"வால்தெமிரோ எர்மோஹெனெஸ் தவாரெஸ் லிரியானோ" என்று தொடங்கியது. அடையாள அட்டை எண் இருந்தது. கேட்ட விலையை ஏற்றிருந்தது. இறுதியில் ஒரு வரி: "ஐயா, தங்கள் நிபந்தனைகள் நாட்டின் சட்டமாகத் தகுந்தவை."

நான் எழுந்து நின்று மீண்டும் படித்தேன். பதினொன்றையும் வைத்து உரசிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. முகத்துதி செய்பவனை நம்பாதே என்ற பன்னிரண்டாவது நிபந்தனையை எழுத மறந்ததை அப்போது நான் உணரவில்லை. குறுக்குக் கேள்விகள் அனுப்பினேன். நெரெய்தா துல்செ வீட்டில் முடி சுருட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரமும், என் ஒவ்வொரு கேள்விக்கும் தெளிவான, பணிவான பதில் வந்தது.

அவள் திரும்பியதும் சொன்னேன்: "எவ்வளவு படிச்ச மனுசன் தெரியுமா! எர்மோஹெனெஸாம். பேரே ஒரு நூலகம் மாதிரி இருக்கு. நம்ம தெருவுலயும் இருக்கானே, பிருலோன்னு ஒரு ஜந்து!"

"ஆமா, ஆமா. அவனுக்கும் இவருக்கும் எவ்வளவு தூரம்!" என்றாள்.

"அப்படிப்பட்டவரு கைக்குப் போனா மேசைக்கே கௌரவம்."

"அப்ப ரசீது எழுதி வெச்சுட்டு, பேங்குக்குப் போ."

மனம் வலித்தது. ஆனால் கையெழுத்து என்னுடையது. ரசீதில் அந்த மாண்புமிகு பெயரை எழுதி, ஒப்பமிட்டு, அவளிடம் தந்துவிட்டு மறுநாள் பிற்பகல் வங்கிக்குச் சென்றேன்.

வரிசையில் ஒன்றரை மணி நேரம். "எப்பிஃபானியோ அல்மொந்தே!" என்று ஊழியப் பெண் மூன்று முறை கூவினாள். ஒருவரும் எழவில்லை. தன் பெயர்கூடத் தெரியாத எந்த மூடன் எல்லோரையும் காக்கவைக்கிறான் என்று சுற்றிலும் முறைத்தேன். பிறகுதான் அது நான் என்பது நினைவுக்கு வந்தது.

"பணம் வந்துருக்குங்க, தோன். இருபத்திரண்டாயிரம். கட்டுனவரு பேரு வால்தெமிரோ எர்மோ..."

"தெரியும்மா, தெரியும்" என்று பெருமிதத்தோடு அவளை நிறுத்தி, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். "நெரெய்தா! காதால கேட்டுட்டேன். மேசைய விடு."

"நல்லாக் கேட்டியா? போலி இல்லியே?"

"நானா ஏமாறுவேன்?"

"அப்ப வித்தாச்சு? இனிமே பேச்சு மாறமாட்டியே?"

"ஆம்பள வார்த்த!"

அவள் குரலுக்குப் பின்னால் கனமான ஏதோ தரையில் இழுபடும் ஓசை கேட்டது. கண் கலங்கியது.

மோட்டார் சைக்கிள் வாடகைக்காரன் என்னைத் தெருமுனையில் இறக்கியபோது மணி நான்கு. படார்! முனைக் கடையின் புட்டிகள் அதிர்ந்தன. அந்த ஓசை எனக்குத் தெரியும். மகோகனி ஒன்றுதான் அப்படிப் பேசும். என் வராந்தாவைப் பார்த்தேன். வெறுமை. எதிர்வீட்டு வராந்தாவைப் பார்த்தேன்.

என் மேசை. ஒரு பக்கம் பிருலோ. பக்கவாட்டில் என்னோடு இத்தனை காலம் ஆடிய மொன், கீக்கே என்னும் இரு துரோகிகள். பிருலோவுக்கு எதிரே, அவன் கூட்டாளியாக, தலை நிறைய முடிச்சுருள் உருளைகளோடு, என் மனைவி.

"பிருலோ! அது என் மேசை!"

ஆறு ஆண்டுகளில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் சட்டைப் பையிலிருந்து என் ரசீதை எடுத்தான்.

"வால்தெமிரோ எர்மோஹெனெஸ் தவாரெஸ் லிரியானோவுக்கு வித்தாச்சுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க, தோன் தித்தோ?"

"அது யாரு?"

"நாந்தான். ஞானஸ்நானத்தன்னிக்குப் பாதிரியார் கூப்ட்டாராம். அதுக்கப்புறம் மரியாதையா முழுப்பேரு எழுதுனது நீங்கதான். நன்றி."

"ஒனக்கு நாலு வரி ஒழுங்கா எழுத வராதேடா! அந்தக் கடிதம்?"

பிருலோ நெரெய்தாவைப் பார்த்தான். நெரெய்தா தன் காய்களைப் பார்த்தாள்.

"நெரெய்தா, ஒனக்கு ஆடவே தெரியாதே!"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து தெனமும் ரெண்டு மணி நேரம் முடி சுருட்டப் போனேனே. இருக்கறதே நாலு முடி. அதுக்கு அவ்வளவு நேரமா ஆகும்?" என்றபடி, இரண்டு முனைகளிலும் பொருந்தும் கடைசிக் காயை ஓங்கி அறைந்தாள். ஆட்டம் முடிந்தது. மொன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நான் வாயிற்படியில் நின்றேன். தோற்றவர்கள் எழ வேண்டும், காத்திருப்பவர் அமரலாம். அது எங்கள் ஊர் முறை. முப்பத்தொரு ஆண்டுகள் எவர் வாசலிலும் தலை குனியாத நான் மெல்லக் கேட்டேன்.

"அடுத்த ஆட்டத்துக்கு... நான் ஒக்காரலாமா?"

நெரெய்தா காய்களைக் கலைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"மொதல்ல முழுப்பேரு, அடையாள அட்டை நம்பர் ரெண்டையும் எழுத்துல குடு, கிழவா. விசாரிச்சுட்டுச் சொல்றோம்."