சூடானால் கிளம்பாத வேன்

தார்ச்சாலை வந்தும் புலிப் பயம் போகாத ஒரு காட்டில், பொன்னுரங்கம் என்றொரு கரடி பழைய வேனை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்து வந்தது. காலையில் சாவியைத் தொட்டாலே வேன் கிளம்பிவிடும். வெயிலில் ஓடிவந்து ஒருமுறை நிறுத்திவிட்டாலோ, எவ்வளவு திருகினாலும் இன்ஜின் பிடிக்காது.

மெக்கானிக் சவரிமுத்து ஒரு குரங்கு. யானையைக் கட்டி இழுத்துக்கொண்டு அதன் பட்டறைக்குப் போவதற்குள் இன்ஜின் ஆறிவிடும். குரங்கு சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல ஓனரே. கோளாறு உங்க கையிலதான்" என்று நாலு பேர் கேட்கச் சிரிக்கும்.

மானம் போன கரடி, ஒரு மத்தியானம் குரங்கை வம்படியாக வேனில் ஏற்றிக்கொண்டது. பின்சீட்டில், தங்கையின் வளைகாப்புக்குப் போகும் மரகதம் என்ற ஆடு. மலையேற்றம் முடிந்ததும் கரடி வேண்டுமென்றே இன்ஜினை அணைத்து, மறுபடி சாவியைத் திருகியது. பிடிக்கவில்லை.

"பாத்தியா! பாத்தியா!" என்று கரடி ஆனந்தத்தில் ஸ்டியரிங்கைக் குத்தியது.

குரங்கு பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டது. "கரண்ட் வருது. பெட்ரோல்தான் வரல. குழாய் இன்ஜினை ஒட்டிப் போகுதா, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி அடைச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்ச நேரம் ஆறவிட்டா தானா சரியாயிடும்."

அந்த நேரம் பார்த்துப் புதரை விலக்கிக்கொண்டு புலி வந்தது. ஆட்டைப் பார்த்து நாக்கைச் சுழற்றியது. அப்புறம் திறந்து கிடந்த பானட்டைப் பார்த்தது. அதன் நடையே மாறிவிட்டது.

"என்னய்யா, ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரியா இருக்கும்."

"அதெல்லாம் இல்லைங்க, சும்மா சூடு..." என்று குரங்கு வாயெடுக்க, பக்கத்தில் இறங்கி நின்ற கரடி அதன் வாலை ஓங்கி மிதித்தது.

"பேட்டரி புதுசுங்கய்யா" என்றது கரடி, வியர்வையைத் துடைத்தபடி.

புலியின் முகம் சுருங்கியது. "அப்ப பிளக்கு."

"பிளக்கு இப்பத்தான் துடைச்சாங்க" என்று பின்சீட்டிலிருந்து நடுங்கும் குரல் வந்தது.

"உனக்கு என்னம்மா தெரியும், நீ சும்மா இரு!" என்று சீறிய புலி, மீசையில் கிரீஸ் ஒட்டுவதுகூடத் தெரியாமல் உள்ளே குனிந்தது. அது சொல்லச் சொல்ல, மூன்றும் மாறி மாறி மறுத்தன. புலிக்கு ரோஷம் ஏறியதே தவிர பசி நினைவுக்கு வரவில்லை. கடைசியில் பேட்டரி வயரைத் தானே பிடித்து ஆட்டிவிட்டு, "இப்ப அடி பாப்போம்" என்றது.

கரடி இன்ஜினைத் தொட்டுப் பார்த்தது. ஆறியிருந்தது. பானட்டை மூடி, குரங்கை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பியது. வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பேட்டரின்னு நான் அப்பவே சொன்னேன்ல!" என்று புலி நெஞ்சை நிமிர்த்திக் கையசைத்து வழியனுப்பியது. வேன் வளைவில் மறைந்த பிறகுதான் அதன் வயிறு இரைந்தது.

நீதி: யோசனை சொல்லிக்கொண்டிருக்கும் வரை எந்தப் புலியும் கடிக்காது; ஆகவே, அதன் யோசனையை ஒருபோதும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.