‘செட்’ என்ற சொல்லும் ஏழரை மணியும்

அகராதி பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. சந்தேகம் வந்தால் பார்த்துவிட்டு மூடி வைப்பவர்கள் ஒரு ரகம். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று அலைகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம் என்பதை எந்தக் கோர்ட்டிலும் ஒப்புக்கொள்ளத் தயார். அந்த வியாதி இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் அது உச்சத்தில் இருந்தது.

எழுபதுகளின் கடைசி. திருச்சியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு பெரம்பலூரில் அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். (சும்மா என்றால் சும்மா இல்லை. நாளுக்கு மூன்று வேளை சாப்பிட்டேன்.) கல்லூரி நூலகத்தில் தலையணை தடிமனில் ஓர் இங்கிலீஷ் அகராதி இருந்தது. அதில் ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு மட்டும் பக்கம் பக்கமாக அர்த்தம் போட்டிருந்தார்கள். படிப்பு முடிகிற வருடம் முழுக்க உட்கார்ந்து அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். மற்றவர்கள் பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள், நான் பட்டத்தோடும் அந்த நோட்டோடும் திரும்பினேன். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா பாவம், இரண்டாவது அர்த்தம் வரைக்கும் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் பெரியப்பாவின் இரண்டாவது மகள் செல்வி அக்காவுக்குக் கல்யாணம் வந்தது.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். குரும்பலூரில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கையில் எப்போதும் கிரீஸ், உடம்பில் எப்போதும் கறுப்புச் சட்டை. சாமி கிடையாது, சாதி கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது என்று சந்தையில் நின்று பேசுகிற மனுஷன். பேச்சோடு நிற்கவும் மாட்டார். மூத்தவள் மல்லிகா அக்காவின் கல்யாணத்தை வேண்டுமென்றே ராகுகாலத்தில் வைத்தார். பத்திரிகையிலேயே ‘சரியாக ராகுகாலத்தில்’ என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்.

இரண்டாம் வருடம் மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் லாரி மோதி இறந்துபோனார். அக்கா பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் பெரியப்பா. உண்மைதான், சம்பந்தமில்லை. லாரி டிரைவர் தூங்கினால் ராகு என்ன செய்யும்? ஆனால் ஊர் வாயை மூட முடியவில்லை. பெரியம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பெரியப்பா பதில் சொல்லியிருப்பார்.

செல்வி அக்காவுக்குக் கீழப்பழுவூரில் மாப்பிள்ளை அமைந்தபோது பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், உங்கள் இஷ்டப்படி மேடை போடுங்கள், பேசுங்கள். தாலி மட்டும் ராகுகாலத்துக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். கல்யாணம் திங்கட்கிழமை. திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரைக்குத் தொடங்கும். பெரியப்பா ஒப்புக்கொண்டார். வெளியே தெரியக் கூடாது என்பது மட்டும் அவர் நிபந்தனை. விஷயம் அவருக்கும் பெரியம்மாவுக்கும் மல்லிகா அக்காவுக்கும் மட்டுமே தெரியும். பத்திரிகையில் ‘காலை ஆறே முக்கால் மணியளவில்’ என்று அப்பாவியாகப் போட்டிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

அந்த மாதிரிக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து இயக்கத்துப் பேச்சாளர் ஒருவர் வருவார். அவர் தலைமை தாங்கி, தாலியை எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார். அவர் வராமல் தாலி நகராது. அன்றைக்கு வரவேண்டியவர் அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரவேண்டும். ஆறே முக்கால் ஆகியும் பஸ்ஸைக் காணோம். பந்தல் நிறைய ஜனம். மேடையில் மாலையும் கையுமாகப் பொண்ணும் மாப்பிள்ளையும். பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண்ணில் நான் பட்டேன்.

“தம்பி, நீதான் படிச்சவன். தோழர் வர்ற வரைக்கும் ஒரு அஞ்சு நிமிசம் எதையாச்சும் பேசு” என்றார்.

எதையாச்சும்! இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை மாதமாகக் காத்திருந்தேன்.

மேடை ஏறியதும் மைக்கைத் தட்டிப் பார்த்தேன். “உங்கள் காதில் என் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும் இதன் பெயர் மைக்செட்” என்று ஆரம்பித்தேன். “பெரியப்பா ரிப்பேர் செய்வது பம்புசெட். நம் வீட்டில் பாடுவது ரேடியோ செட். வெட்டியாகச் சேர்ந்து சுற்றுகிறவர்களை ஒரு செட்டு என்கிறோம். யார் இந்த செட்? எங்கிருந்து வந்தது?” கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நிமிர்ந்தது.

அப்புறம் எனக்கு நிற்கத் தெரியவில்லை. சூரியன் மறைவதும் செட், அரியலூர் சிமெண்டு இறுகுவதும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதும் செட், கடிகாரத்தைத் திருத்துவதும் செட், அச்சுக் கோப்பதும் செட். ஒவ்வொன்றுக்கும் கையை ஆட்டி நடித்துக் காட்டினேன். இடையில் யாரோ இரண்டு துண்டுச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். வரமுடியாத தோழர்கள் அனுப்பிய வாழ்த்துகள். வந்த சீட்டை மைக்கில் வாசிப்பதும் வழக்கம்தான். ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

ஏழு அடித்துப் பத்து நிமிடம் இருக்கும், பேச்சாளர் வந்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து மேடையில் வந்து உட்கார்ந்தார். மூளை உள்ளவன் அங்கேயே முடித்திருப்பான். நானோ, ஆகா, விஷயம் தெரிந்த ஒருவர் கேட்க வந்துவிட்டார் என்று பூர்வீகத்துக்குப் போனேன். ‘செட்’ உண்மையில் ஒரு சொல் இல்லை, இரண்டு சொற்கள் என்றேன். வைப்பது, பொருத்துவது என்கிற செட் பழைய இங்கிலீஷ்காரனுடையது, ‘உட்கார வை’ என்பதிலிருந்து வந்தது. கூட்டம், ஜோடி என்கிற செட் லத்தீனில் ‘பின்தொடர்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வம்சம். வந்து சேர்ந்து ஒரே எழுத்தில் குடித்தனம் நடத்துகின்றன. “குரும்பலூரும் கீழப்பழுவூரும் இன்றைக்குச் சேர்வதும் அப்படித்தான்” என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

கீழே நடப்பது எதுவும் என் கண்ணில் படவில்லை. பெரியம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டியிருக்கிறார், இருமியிருக்கிறார், மேல்துண்டை வீசியிருக்கிறார். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டேன். ‘முடிடா’ என்று அவரால் சத்தமாகச் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். ராகுகாலத்தில் கல்யாணம் செய்து காட்டிய மனுஷனுக்கு இன்றைக்கு என்ன அவசரம்?

கடைசியில் மல்லிகா அக்கா மேடையோரமாக வந்து, மடித்த சீட்டு ஒன்றை நீட்டினாள். கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது.

“இதோ, இன்னொரு வாழ்த்துச் செய்தி” என்று அறிவித்துவிட்டு, பிரித்து, கணீரென்று வாசித்தேன்:

“ராவுகாலம் வந்துக்கிட்டு இருக்கு. ஏழரைக்குள்ள தாலி ஏறணும். சீக்கிரம் முடி. இப்படிக்கு, பெரியப்பா.”

என் வாய் அவ்வளவு வேகம். ‘இப்படிக்கு’ வரைக்கும் வாசித்த பிறகுதான் ‘ராவுகாலம்’ மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ‘பெரியப்பா’வும் வெளியே வந்துவிட்டார்.

மைக்செட் மட்டும் ஙொய் என்று இரைந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையில் பெரியப்பாவின் கறுப்புச் சட்டைத் தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடைக்குக் கீழே, நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில், மல்லிகா அக்கா அசையாமல் நின்றாள். ராகுகாலம் என்ற சொல்லை இத்தனை ஜனத்துக்கு நடுவே, இத்தனை சத்தமாக, அவளுடைய முகத்துக்கு நேராக உச்சரித்திருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. எத்தனை கெஞ்சியும் விழுங்கவில்லை.

பெரியப்பா மேடை ஏறினார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அடிப்பார் என்று நினைத்து நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“நான்தான் எழுதுனேன்” என்றார். “எனக்கு ராவுகாலத்துல நம்பிக்கை கெடையாது. நேத்தும் கெடையாது, இன்னிக்கும் கெடையாது. ஆனா எம் பொஞ்சாதி இருவத்தாறு வருசத்துல எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். மொதத் தடவ நான் யாரயும் கேக்கல. இந்தத் தடவ கேட்டுட்டேன்.”

சந்தையில் இரண்டு மணி நேரம் தொண்டை கட்டாமல் பேசுகிறவர் அன்றைக்கு ஐந்தாறு வாக்கியத்தோடு மைக்கைப் பேச்சாளர் பக்கம் நீட்டிவிட்டார். பெரியம்மா பந்தல் காலை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியூர்ப் பேச்சாளர் எழுந்தார். இனி பகுத்தறிவு பற்றி ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் நாலு நிமிசம் இருக்கு, தோழர். என் பேச்ச சாப்புட்டுட்டு வச்சுக்குவோம்” என்று சொல்லித் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

தாலி ஏறியது. பேச்சாளரின் கடிகாரப்படி ஏழு இருபத்தெட்டு. மைக்செட்காரரின் கடிகாரப்படி ஏழு முப்பத்து மூன்று. அந்த ஐந்து நிமிடச் சண்டை இன்னும் தீரவில்லை. (மாப்பிள்ளை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறார்.)

பந்தி முடிந்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “இங்கிலீசு நல்லாத்தான் தெரியுது உனக்கு. சீட்டு வந்தா மொதல்ல மனசுக்குள்ள படிக்கணும்டா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோழர்கள் அவரை அதற்குப் பிறகு பல மாதம் ‘என்ன தோழரே, மணி என்ன?’ என்று கேட்டுக் கேட்டுக் கிண்டல் செய்தார்கள். என்னால்தானே என்று அந்தக் கடைப்பக்கமே நான் போகவில்லை.

ஒரு நாள் மல்லிகா அக்காவைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டேன். ஓட இடமில்லை. மன்னித்துவிடு அக்கா என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“நீ படிச்சதும் நல்லதுக்குத்தான்டா. அவரு போனதுலேர்ந்து அப்பா எங்கிட்ட அதப் பத்திப் பேசுனதே இல்ல. நான் மட்டுந்தான் ராத்திரி பகலா அந்த நேரத்தையே நெனச்சுப் பயந்துகிட்டுக் கெடக்கேன்னு இருந்தேன். மைக்குல அவரு பேசுனதக் கேட்டப்பத்தான் தெரிஞ்சுது, அப்பாவுக்கும் பயம் இருந்துருக்கு. அன்னிக்கு வூட்டுக்குப் போயி ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதோம்” என்றாள். அப்புறம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து மல்லிகா அக்காவுக்கு மறுமணம் பேசினார்கள். அரியலூர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்த, மனைவியை இழந்த ஒருவர். எல்லாம் முடிவாகி, நேரம் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. வீட்டில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ராகுகாலத்தில் வைக்கலாம் என்று சொல்லப் பெரியப்பாவுக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. கடைசியில் பெரியப்பா மகளிடமே கேட்டார், எந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“தம்பிய பேச வுடுங்கப்பா. அவன் எப்ப முடிக்கிறானோ, அப்பக் கட்டிக்கிறேன்.”

முதலில் சிரித்தது பெரியம்மாதான். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து நாலு வருடம் ஆகியிருந்தது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க உட்கார்ந்தால், நேரம் என்ற இடம் வரும்போது எல்லோரும் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.