மூன்று கை ஸ்வெட்டரும் உபயோகமின்மைச் சான்றிதழும்

மினசோட்டாவில், பெரிய ஏரியின் கரையில் இருக்கும் கெட்டில் ஹார்பர் நகராட்சி, ஒரு பொருள் எதற்கும் உதவாது என்பதை எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. எதற்கும் உதவாத காரியங்கள் அந்த நகராட்சியில் அதற்கு முன்பும் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தன. சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லாமல் இருந்தது.

இதில் முதலில் அடிபட்டவர் ஹார்லன் ஸ்டெனெருட். வயது எழுபத்திரண்டு. கப்பலில் இரும்புத் தாது ஏற்றும் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஸ்வெட்டர். ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளை போட்டு, அதன்மேல் சின்னக் குடிசையை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுவது அவர் வழக்கம். பழைய ஸ்வெட்டரின் இடது கை குடிசை அடுப்பில் பட்டுக் கருகிவிட்டது. அதற்கு முந்தைய ஸ்வெட்டரின் இடது கையும் அதே அடுப்பில்தான் கருகியது.

மனைவி டெலோரஸ் புதிதாகப் பின்ன ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாற்பது பெண்கள் கூடிப் பின்னுவார்கள். கைகளைத் தனியாகப் பின்னி, கடைசியில் உடம்போடு தைப்பார்கள். அந்த வாரம், ஒரு சாவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சாலட் யார் கொண்டுவருவது என்ற பேச்சு எழுந்தது. நான் கொண்டுவருகிறேன் என்று நாற்பது பேரும் சொன்னார்கள். ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றும் நாற்பது பேரும் சொன்னார்கள். பேச்சு முடிந்தபோது டெலோரஸின் மடியில் மூன்று கைகள் இருந்தன.

கம்பளியை வீணாக்குவது அந்த ஊரில் பாவம். "எப்படியும் இந்த மனுஷன் ஒரு கையைக் கருக்கப்போறான். மாத்துக் கையா இருக்கட்டும்" என்று, தொலைந்துபோகாதபடி அதை நெஞ்சுப் பக்கத்திலேயே தைத்துவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, நகராட்சிக் கலைக்கூடத்துக்குப் புதிய கண்காட்சிப் பொறுப்பாளராக வந்திருந்த டாக்டர் பிலிப்பா கிரேன் படியிறங்கி வந்தார். எந்தப் பொருள் எந்தச் சுவரில் தொங்க வேண்டும் என்று தீர்மானிக்க ஏழு வருடம் படித்தவர். 'பெண்ணும் இழையும்' என்ற சமகாலக் கலைக் கண்காட்சிக்கு உள்ளூர்ப் பெண்களின் படைப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது நல்ல ஸ்வெட்டர்களை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, நாற்பதாவதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இந்த மூணாவது கை?"

"அது ஒண்ணுமில்லீங்க. உபரி."

பிலிப்பா கண்ணாடியைக் கழற்றினார். "உபரி. பெண்ணோட உழைப்பையே உலகம் அப்படித்தானே சொல்லுது. இந்தக் கைக்காக எத்தனை வருஷமாக் காத்திருக்கேன் தெரியுமா?"

"நான் போன செவ்வாய்க்கிழமைதாங்க பின்னினேன்."

அன்று மாலை ஸ்வெட்டர் கலைக்கூடத்துக்குப் போனது. டெலோரஸ் கலைஞராக வீடு திரும்பினாள்.

"என் ஸ்வெட்டர் எங்கே?" என்றார் ஹார்லன்.

"அது ஸ்வெட்டர் இல்லையாம். கேள்வியாம்."

"எனக்குக் குளிருது, டெலோரஸ். கேள்வியைப் போட்டுக்கிட்டுப் போக முடியாது."

"அம்பத்தோரு வருஷமாப் பின்றேன். இன்னிக்குத்தான் ஒருத்தி கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தா. நீ ஒரு நாளாவது கழட்டியிருக்கியா?"

ஹார்லன் கண்ணாடி போடுவதில்லை. ஆனால் அதைச் சொல்லும் நேரம் இதுவல்ல என்று அவருக்கே தெரிந்தது.

நகராட்சியில் ஒரு சிக்கல் எழுந்தது. உபயோகமான துணிகளைச் சுவரில் மாட்டினால் அது கடை; கடைக்கு வேறு உரிமம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு படைப்பும் எந்த உபயோகமும் அற்றது என உரிம அதிகாரி பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மீன்பிடி உரிமத்தையும் சேர்த்துக் கவனித்த அந்த அதிகாரியின் பெயர் லைல் பேக்கன்.

லைலை ஹார்லனுக்கு நன்றாகத் தெரியும். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஹார்லன் பிடித்த மீனை அளந்து, அரை அங்குலம் குறைகிறது என்று துளைக்குள் திரும்ப விடவைத்தவர். அந்த மீனின் முகம் ஹார்லனுக்கு இன்னும் நினைவிருந்தது. லைலின் முகம் அதைவிட நன்றாக நினைவிருந்தது.

மூன்று கை ஸ்வெட்டருக்கு முதல் சான்றிதழ் கிடைத்ததும் மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? விரல் நுழைய வழியில்லாத கையுறை வந்தது. இரண்டு முனையும் மூடிய காலுறை வந்தது. பதினான்கு அடி நீளத்தில் ஒரு குல்லா வந்தது. லைல் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்து, போட முடியாமல் திண்டாடி, திருப்தியோடு முத்திரை குத்தினார். அந்த டிசம்பரில் மைனஸ் இருபது டிகிரியில் ஊரிலுள்ள ஆண்கள் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

ஹார்லன் மேல்முறையீடு செய்தார். விசாரணை கலைக்கூடத்திலேயே நடந்தது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காபி ஃபிளாஸ்கை மூன்றாவது கைக்குள் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இப்போ என்ன சொல்றே, லைல்? ரெண்டு கையும் தூண்டில்ல. காபி நெஞ்சுல. சூடு ஆறாது."

லைல் அளவு நாடாவை எடுத்து ஃபிளாஸ்கை அளந்தார், கையை அளந்தார், முகம் வெளுத்தார். "உபயோகம் இருக்கு."

"அப்போ கழட்டாம இப்படியே வீட்டுக்குப் போறேன்."

"அது முடியாது. ஒரு பொருள் உபயோகம்னு ஆயிட்டா மொத்தக் கண்காட்சியும் கடை. கடைன்னா இன்னிக்கே பூட்டணும்."

பிலிப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நாற்பது பெண்களும் ஹார்லனைப் பார்த்தார்கள். அந்த ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை, பார்ப்பார்கள். அது அதைவிட மோசம்.

டெலோரஸ் எழுந்தாள். "லைல், ஸ்வெட்டரைப் பரிசோதிச்சே. உள்ளே இருக்கறதைப் பரிசோதிச்சியா?"

"விதியில அப்படி இல்லையே."

"ஒண்ணு உபயோகமா இல்லையான்னு அதைப் போட்டுக்கிட்டு என்ன செய்யறாங்கங்கறதை வெச்சுத்தானே சொல்லணும்? இவன் அதைப் போட்டுக்கிட்டு என்ன செய்வான்?"

"மீன் பிடிப்பார்."

"கடைசியா எப்போ பிடிச்சான்? உன் பதிவேட்டுலயே பாரு."

லைல் பதிவேட்டைப் புரட்டினார். "பதினொரு வருஷம் முன்னாடி. ஒண்ணு. அதுவும் அரை அங்குலம் குறைச்சல்."

"அந்த மீன் சரியாத்தான் இருந்துச்சு," என்றார் ஹார்லன். "உன் நாடாதான் தப்பு."

லைல் பதிவேட்டை மூடினார். உபயோகமற்ற ஒன்றுக்கு உறையாக இருப்பதும் உபயோகமற்றதே என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. பழைய சான்றிதழில் 'ஸ்வெட்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'உள்ளடக்கத்துடன்' என்று சேர்த்து முத்திரை குத்தினார்.

அதற்கப்புறம் ஹார்லன் தினமும் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை, கலைக்கூடத்தின் நடுவில், ஒரு வெள்ளை மேடைமேல் நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. ஸ்வெட்டர் கிடைத்தது, ஏரிதான் கிடைக்கவில்லை. கழுத்துவரை எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரம் மெர்ல் வந்தான். துறையில் கூட வேலை பார்த்தவன். "ஏன்டா, சம்பளம் வாங்கின காலத்துலயும் நீ இப்படித்தானேடா உட்கார்ந்திருந்தே? அப்போ யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலையே."

"போடா. உன் மூச்சு கம்பளிக்கு ஆகாது. தள்ளி நில்லு."

அதைச் சொன்னபின்தான், தான் என்ன சொன்னோம் என்று ஹார்லனுக்கு உறைத்தது. ஆனால் உண்மை அதுதான். அங்கே கதகதப்பாக இருந்தது. வந்தவர்கள் மெதுவாகப் பேசினார்கள். மினியாபோலிஸிலிருந்து வந்த ஒரு பெண் அவரைப் பார்த்துக் கண் கலங்கினாள். ஐம்பத்தோரு வருடத்தில் அவரைப் பார்த்து யாரும் கலங்கியதில்லை, டெலோரஸ் ஒரு தடவை கலங்கியதைத் தவிர, அது கல்யாணத்தன்று. மூன்றாவது வாரம், நிற்காமல் கடந்துபோன ஒருவரை அவரே கூப்பிட்டார். "ஐயா, பக்கத்துல இருக்கற விளக்க அட்டையைப் படிச்சுட்டுப் போங்க."

செய்தி பரவியது. மெர்ல் தனக்கும் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தான். தபால்காரர் விண்ணப்பித்தார். மார்ச் மாதத்துக்குள் பதினாறு ஆண்கள், பெண்டாட்டி பின்னிய ஸ்வெட்டரோடு பரிசோதனைக்கு வந்தார்கள். ஒருவர்கூடத் தோற்கவில்லை.

ஏரி உருகியது. கண்காட்சி முடிந்தது. ஸ்வெட்டர் வீடு வந்து சேர்ந்தது. அடுத்த நவம்பரில் மறுபடி பனி இறுகியபோது, டெலோரஸ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குடு. அந்தக் கையைப் பிரிச்சுடறேன். அஞ்சு நிமிஷ வேலை. போட்டுக்கிட்டுப் போ."

ஹார்லன் ஸ்வெட்டருக்கு முன்னால் போய் நின்றார். அது சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

"கையுறை போடாமத் தொடாதே," என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் ஹார்லனும் அந்தப் பதினாறு ஆண்களும் மெல்லிய சட்டையோடு பனிக்கட்டிமேல் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஸ்வெட்டர்கள் எல்லாம் வீட்டுச் சுவரில் இருந்தன. அப்போது ஒருவர் மட்டும் இரண்டு கை மட்டுமே உள்ள தடித்த ஸ்வெட்டரில், காது சிவக்காமல் நடந்துவந்தார். தனக்குத் தானே சான்றளிக்க விதி இடம் தராததால், அந்தப் பனிக்கட்டிமேல் சான்றிதழ் இல்லாமல் மிஞ்சிய ஒரே ஆண் லைல் பேக்கன்தான்.

"சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். புதுப்பிக்கணும்," என்றார் லைல்.

பதினேழு பேரும் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வரிசையில் நின்றார்கள். ஹார்லன் எல்லோரையும் முந்திக்கொண்டு முதலில் நின்றார்.

"இந்த வருஷத்துல யாருக்காவது உபயோகமா இருந்தியா?"

"சத்தியமா இல்லை, லைல்."

"நீ சொன்னாப் போதாது. பெண்டாட்டி சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

ஹார்லன் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நீட்டினார். டெலோரஸ் அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.