கொசு எஞ்சின்

செல்ஃப் பொத்தானை வேங்கடபதி பதினேழாவது தடவையாக அமுக்கினார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"பத்து மாசமா நின்ன வண்டி தலைவரே. கார்பரேட்டர்ல பெட்ரோலு காஞ்சு பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். கழட்டிக் கழுவுனா ஓடிரும். அரை மணி நேர வேலை" என்றான் மெக்கானிக் சக்திகுமார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை எதையும் வேங்கடபதி செய்ததில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் சங்கத்துக்கு இரண்டரை வருடம் துணைத் தலைவராக இருந்தவர். 'துணை' காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற அந்த ஊரில், பன்னிரண்டு மாதமும் கையில் ஒரு கறுப்புக் குடை வைத்திருப்பார். பொறுப்பில் இருந்தவனுக்குக் குடை ஒரு லட்சணம் என்பது அவர் விளக்கம். வலது முட்டி மடங்காமல் போய் ஆறு வருடம் ஆகிறது என்பது ஊரின் விளக்கம். கைத்தடி வாங்கச் சொன்னவர்களோடு அவர் பேசுவதில்லை.

வண்டி, மகன் ராஜ்கமல் செய்தது. பழைய இரும்புக் குழாய்களை வீட்டுப் பின்புறத்தில் போட்டு, தானே வெல்டிங் வைத்து, தானே சட்டம் கட்டி, ஒரு ஸ்கூட்டி எஞ்சினைப் பொருத்தியிருந்தான். "பைக்குல போயே சாகப்போற" என்று வேங்கடபதி தினமும் எச்சரித்துவந்தார். அவன் காய்ச்சல் வந்து நாலே நாளில் போனான். வண்டி தெருமுனை வரைகூட ஓடியிருக்கவில்லை.

அவன் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தச் சட்டத்தைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"என்னடா இது, பாடை மாதிரி."

மகன் சிரித்தான். "ஓடட்டும்ப்பா. பெறகு சொல்லுங்க."

அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கத்தான் இவ்வளவும். வருஷத் திதிக்குத் திருச்சுழிக் கோயிலுக்கு இந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தார். காரணத்தை மனைவி பாலாமணியிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ் என்று இரண்டு பாஷை இருந்தும், தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்ல அவருக்கு இரண்டிலும் வார்த்தை கிடையாது.

"கழுவ வேண்டாம்" என்றார். "இம்புட்டுப் பெரிய சட்டத்துக்கு இந்தக் கொசு எஞ்சினா? கியருகூட இல்ல. எம்பிள்ள செஞ்ச வண்டி போனா நாலு தெரு திரும்பிப் பாக்கணும். எஞ்சின மாத்து."

"தம்பி இதுக்குன்னே அளவெடுத்துச் சட்டங் கட்டியிருக்காப்ல."

"அவனுக்கு என்ன தெரியும்?"

வீரசோழன் ஊரில் பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருந்த மன்சூர் அலி, ஒரு டீசல் எஞ்சினைத் துணியால் துடைத்துக் காட்டினார்.

"தண்ணி ஆட்டோவுல கெடந்தது அண்ணாச்சி. எத்தன ஆயிரங் குடம் சுமந்திருக்கும். ஒங்க ஒரு ஆளச் சுமக்காதா?"

கொசு எஞ்சின் அங்கேயே மாற்றாகப் போனது. மன்சூர் அலி அதைப் புரட்டிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்று சொன்னது வேங்கடபதி காதில் விழவில்லை.

திருச்சுழி ரோட்டில் இருந்த சக்திகுமார் கடைக்குச் சட்டம் வந்து இறங்கியது. டீசல் எஞ்சின் அதற்குள் நுழைய மறுத்தது. வலதுபக்கம் கால் வைக்கிற கம்பி இடித்தது. இடதுபக்கக் கம்பியைவிட அது ஒரு முழம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன, ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கிட்டு?"

"அளவு தப்பிருச்சு போல தலைவரே."

"டேப்பு பிடிக்கத் தெரியாத பய" என்றார் வேங்கடபதி. குடை நுனியால் அந்தக் கம்பியைத் தட்டிக் காட்டினார். "அறு."

கம்பி போனதும் எஞ்சின் உள்ளே போனது. ஆனால் அதன் தலை சீட்டைத் தொட்டது. ஏற்கெனவே தரையோடு தரையாக இருந்த சீட்டு.

"உக்காந்தா தவக்களை மாதிரி இருக்கும். தூக்கு" என்றார்.

சீட்டு ஒன்றரை அடி உயர்ந்தது. எடை தாங்காமல் சட்டம் தொய்ந்தது. தொய்ந்ததற்கு முட்டுக் கொடுத்தார்கள். முட்டுக் கொடுத்ததில் பேட்டரிக்கு இடம் போனது. பேட்டரி போனதும் செல்ஃப் போனது.

"கயிறு சுத்தி இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றான் சக்திகுமார். "அப்புறம், தம்பி ரெண்டு பிரேக்கையும் கையிலயே வச்சிருக்காப்ல. எடது கையில இப்ப கிளட்சு வரணும்."

"கால்ல மிதிக்காதது ஒரு பிரேக்கா? வலது காலுக்கு மாத்து."

வெட்டிய துண்டு எதையும் பழைய இரும்பில் போட அவர் விடவில்லை. நூல் பை ஒன்றில் போட்டு, ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்குக் கொண்டுபோனார். கட்டிலுக்கு அடியில் அந்தப் பை வாரத்துக்கு வாரம் கனத்தது. பாலாமணி அதை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கினாள்.

கடைசியில் மகன் வைத்ததில் ஒன்றுதான் மிஞ்சியது. சீட்டுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நின்ற, அடி மூடிய ஒரு சின்னக் குழாய்.

"இது எதுக்கு தலைவரே?"

"கொடி சொருகத்தான். இது ஒண்ணாவது தெரிஞ்சு வச்சிருக்கான்."

திதியன்று காலை சங்கக் கொடியோடு வண்டி தெருவில் வந்து நின்றது. சக்திகுமார் கயிற்றைச் சுற்றி இழுத்தான். தடதடவென்று ஜன்னல்கள் அதிர்ந்தன.

இரண்டே நிமிடத்தில் பதினோரு பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாத தெரு அது. தண்ணீர் விற்கிற ஆட்டோவின் சத்தத்துக்குத் தூக்கத்திலேயே எழுந்துகொள்ளப் பழகியவர்கள். முதல் ஆளாக வந்தது பக்கத்து வீட்டுக் குருவம்மாள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாக.

"டேங்க எங்கண்ணே காணோம்?"

"ஏ, வரிசையில நில்லு. நாந்தான் முன்ன வந்தேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இது தண்ணி வண்டி இல்லம்மா" என்றார் வேங்கடபதி. சத்தத்தில் கேட்கவில்லை. சக்திகுமார் எஞ்சினை நிறுத்தினான். "இது என் மகன் வண்டி."

குடங்கள் சத்தமில்லாமல் தரைக்கு இறங்கின. யாரும் போகவில்லை.

அவர் ஏறப் பார்த்தார். சீட்டு இடுப்புக்கு மேலே இருந்தது. சக்திகுமார் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தான். அவனும் பாலாமணியும் ஆளுக்கொரு பக்கம் தாங்க, ஏறி உட்கார்ந்துவிட்டார். வலது கால் மட்டும் மடங்காமல் காற்றில் விறைத்து நின்றது. பிரேக் அதற்கு எட்டாத பள்ளத்தில் எங்கோ கிடந்தது. கீழே வைக்கலாமென்றால் கொதிக்கிற எஞ்சின்.

"கால எங்க வைக்க?" என்று கேட்டார். துணைத் தலைவராக இல்லாமல், முதல் தடவையாக, சும்மா ஒரு மனிதராகக் கேட்டார்.

சக்திகுமார் கம்பி அறுத்த இடத்தைப் பார்த்தான்.

ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் விழாமல் இருக்கலாம். ஒரு கையில் குடை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டிருந்தார்.

குருவம்மாள் இடுப்புக் குடத்தையும் இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். வண்டியை முன்னும் பின்னும் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். பிறகு குடைக்காகக் கையை நீட்டினாள்.

"கொடிய எடுத்துட்டுக் குடைய அந்தக் குழாயில வையிங்கண்ணே. 'அப்பாவுக்குத்தான் அத்தே இந்த வண்டி, ஓடுற வரைக்கும் சொல்லிராதீக'ன்னு, நீங்க தூங்கயில குடைய எடுத்தாந்து அளவு பாத்துல்ல வச்சான்."